பதில்: நவீன கவிதைல அந்நியமாதல், செமினாருக்கு எங்க ஆரம்பிக்கிறது?

தம்பி, எம்.ஏ. செமினார்ல அந்நியமாதல், அதாவது கூட்டத்துக்குள்ள இருந்தும் மனுஷன் ஒட்டாமத் தனியா நிக்கறது, பத்திப் பேசணும், ஆனா எந்தக் கவிதையப் படிச்சாலும் ஒரே புலம்பலாத் தெரியுதுன்னு எழுதியிருந்தீங்க. நானும் இதே சேலத்துல படிக்கறப்ப அப்படித்தான் நெனச்சேன், அதனால சொல்றேன், நோட்ஸ மூடி வெச்சிட்டு ஒரே ஒரு காட்சிய எடுத்துக்கங்க.

இங்கிலீஷ் கவிஞர் டி.எஸ். எலியட்டோட ‘பாழ்நிலம்’ங்கற கவிதை 1922-ல வந்தது, முதல் உலகப்போர் முடிஞ்சு நாலே வருஷம். அதுல விடியக்காலைல பழுப்பு மூடுபனிக்குள்ள லண்டன் பாலத்து மேல கூட்டங்கூட்டமா ஜனங்க போவாங்க, ஒவ்வொருத்தர் கண்ணும் அவங்கவங்க காலடிலயே இருக்கும், எழுதின மனுஷனும் லண்டன்ல பேங்க் வேலை பார்த்தவர்தான், வெளிய நின்னு அழுதவர் இல்ல. இது புலம்பலா சொல்லுங்க? மார்கழில ஏற்காட்டுல இருந்து எறங்குற முதல் பஸ்ல ஏறிப் பாருங்க, இருபது கொண்டை ஊசி வளைவுலயும் தோளோட தோள் இடிக்கும், ஆனா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்க மாட்டாங்க.

தமிழ்க் கவிதைல இந்த அந்நியமாதல் வெறும் மேற்கத்திய காப்பின்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க. சுதந்திரம் வந்தும் நெனச்சது நடக்கலங்கற ஏமாற்றம், ஊர விட்டு டவுனுக்கு வேலைக்கு வந்தவன் தனிமை, இதெல்லாம் நம்ம சொந்தக் காரணம். 1959-ல சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகைய ஆரம்பிச்சார், 1968-ல நம்ம சேலத்துல இருந்தே ‘நடை’ங்கற சிற்றிதழ் வந்துச்சு, கவிஞர் ஞானக்கூத்தன் அதுல எழுதினார், இத கட்டாயம் சொல்லுங்க. அவர் கவிதைல கிண்டல் எந்த வரில நின்னு வலி ஆரம்பிக்குதுன்னு பென்சில்ல கோடு போட்டுட்டு இங்கயே போடுங்க, மிச்சத்தப் பேசலாம்.