பரணில் கிடக்கும் நோட்டு

கேள்வி: ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில், கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வயது 36. பதினோரு வருஷத்தில் 140 பாட்டு எழுதியிருக்கிறேன். சினிமா வாய்ப்புக்காக ஆறு முறை சென்னை போய் வந்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக்கோடு சரி. போன மாதம் ஒருவர், "இதெல்லாம் பாட்டே இல்லை" என்று சொல்லிவிட்டார். நோட்டைப் பரணில் போட்டுவிட்டேன். நிறுத்திவிடலாமா அம்மா?

பதில்: தம்பி, முதலில் நோட்டைக் கீழே இறக்குங்கள்.

நீங்கள் அனுப்பிய இரண்டு பாட்டையும் வாய்விட்டுப் பாடிப் பார்த்தேன். காதல் பாட்டு மனதில் ஒட்டவில்லை. ஆனால் 'வெல எறங்கின தக்காளிக்கு விடியுமுன்ன தாலாட்டு' என்ற வரியைவிட்டு நகர முடியவில்லை. விற்காத தக்காளியை ரோட்டோரம் கொட்டுவதைக் கண்ணால் பார்த்தவருக்குத்தான் அப்படி எழுத வரும்.

சினிமாவில் பெரும்பாலும் மெட்டுதான் முதலில். அதைத் தத்தகாரமாக, அதாவது சொல் இல்லாத வெறும் ஓசையாகக் கொடுப்பார்கள். குறில் வரவேண்டிய இடத்தில் நெடில் விழுந்தால் சொல் இடறும். உங்கள் வரிகள் அங்கங்கே இடறுகின்றன. பிடித்த பாட்டின் மெட்டைத் 'தன்னன்ன தானா' என்று எழுதிவைத்து, அதன்மேல் உங்கள் சொற்களை உட்காரவைத்துப் பழகுங்கள். வாலி முதல் படப்பாட்டு எழுதியது 1958-ல். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'கற்பகம்' படம் வந்தது 1963-ல். நடுவே ஊருக்கே திரும்பிவிட நினைத்தவர் அவர்.

1988-ல் நான் பன்னிரண்டு அம்மன் பாட்டு எழுதி, சென்னையில் ஒரு கேசட் கம்பெனியில் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துப் போனால், என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் யாரோ டீக்கணக்கு எழுதியிருந்தார்கள். விழுப்புரம் வரை ரயிலில் அழுதுகொண்டே வந்தேன். அப்புறம் இரண்டு வருஷம் பேனாவைத் தொடவில்லை. அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால்தான் இன்றும் வலிக்கிறது.

மறுபடி எழுத வைத்தது பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணம். நலங்குக்குப் புதுப் பாட்டு வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளையின் ஊர், அவர் ஓட்டும் டிராக்டர், மாமியாரின் வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றையும் வைத்து எட்டு வரி எழுதினேன். கூடம் முழுக்கச் சிரித்தது. போன தை மாதம் வேறொரு ஊர்க் கல்யாணத்தில் அதே பாட்டைப் பாடினார்கள். டிராக்டர் இருந்த இடத்தில் கார் வந்திருந்தது. எழுதியது யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. நானும் கூடச் சேர்ந்து பாடினேன்.

தக்காளிப் பாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களிடம் பாடிக் காட்டியதுண்டா? இந்த வாரம் லோடு ஏற்றி முடிந்ததும் பாடுங்கள். அவர்கள் எந்த வரியைத் திருப்பிப் பாடுகிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.