உப்புக்காற்றின் மேல் பழி போட வேண்டாம்

கேள்வி: பாம்பன் பக்கம் கடற்கரையில் கருவாடு காயப்போடும் வேலை செய்கிறேன். வயது 41. இரண்டு வருடமாக மூக்கும் கன்னமும் எரிகின்றன. வெயிலில் நின்றாலும், சூடாக டீ குடித்தாலும் குப்பென்று சூடு ஏறுகிறது. சின்னச் சின்னப் பருக்களும் வருகின்றன. நான் நல்ல கறுப்பு. முகம் சிவந்திருக்கிறது என்றால் யாரும் நம்புவதில்லை. மெடிக்கலில் கொடுத்த ட்யூபைப் போட்டால் மூன்று நாளில் அமுங்குகிறது. விட்டால் முன்னைவிட மோசம். உப்புக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். கருவாட்டை நிறுத்தணுமா? வேலையையே விடணுமா?

பதில்: வேலையை விட வேண்டாம். கருவாட்டையும் விட வேண்டாம். விட வேண்டியது அந்த ட்யூபைத்தான்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது ரோசேசியா என்ற தோல் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். முகத்தின் நடுப்பகுதியில், அதாவது மூக்கு, கன்னம், நெற்றி, தாடை ஆகிய இடங்களில் ரத்தக் குழாய்கள் சின்னத் தூண்டுதலுக்கும் விரிந்துகொள்ளும். தோலுக்குள் அழற்சி அடங்காமல் இருந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். வாலிபத்தில் வரும் முகப்பருவில் கருமுள், வெண்முள் இருக்கும், இதில் இருக்காது. எல்லோர் தோலிலும் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணி இவர்கள் முகத்தில் கூடுதலாக இருப்பதுண்டு. முகத்தைச் சரியாகக் கழுவாததால் அது பெருகுவதில்லை. ஆகவே தேய்த்துத் தேய்த்துக் கழுவாதீர்கள். இது யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது.

கறுத்த தோலில் சிவப்பு எடுத்துத் தெரியாததால் நம் ஊரில் பலருக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. கன்னம் சற்றுக் கருஞ்சிவப்பாக, சில சமயம் பழுப்பாக மட்டும் தெரியும். எரிச்சலும் சூடும்தான் நம்பகமான அடையாளங்கள். காலை வெளிச்சத்தில் கன்னத்தையும் கழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணாடித் தம்ளரின் பக்கத்தைக் கன்னத்தில் மெதுவாக அழுத்தினால் அந்த இடம் வெளிறி, எடுத்ததும் நிறம் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.

இனி அந்த ட்யூப். அதன் மேல் எழுதியிருப்பதை வீட்டில் படிக்கிற பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. முகம் வெளுக்க என்று விற்கும் சில க்ரீம்களிலும் ஹைட்ரோகுவினோன் என்ற நிறம் குறைக்கும் மருந்தோடு சேர்ந்து இது இருக்கும். ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் மூன்று நாளில் முகம் தெளிகிறது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிகிறது, குழாய்கள் நிரந்தரமாக விரிகின்றன, பருக்கள் கிளம்புகின்றன. நிறுத்தியதும் சூடும் எரிச்சலும் பொங்கி வரும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி போடுவோம். ரோசேசியாவே இல்லாத முகத்திலும் இந்த மருந்து அதே கோலத்தை உண்டாக்கிவிடும். என் அனுபவத்தில் இந்த வகைதான் அதிகம். 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் ‘அரிப்புக்கு ஒரு ட்யூப்’ என்றால் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கத்தான் செய்கின்றன.

இத்தனை நாள் போட்டதை நீங்களாக ஒரே நாளில் நிறுத்தி அவதிப்படாதீர்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, வேறு தோல் மருத்துவரிடமோ காட்டி, அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். முதல் சில வாரங்கள் முகம் மோசமாகத் தெரியும். சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அந்தக் காலத்தைக் கடத்த ஸ்டீராய்டு இல்லாத மருந்துகள் இருக்கின்றன.

ரோசேசியாவுக்கென்று பூசும் மருந்துகள் மெட்ரோனிடசோல் ஜெல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் க்ரீம். எட்டு முதல் பன்னிரண்டு வாரமாவது பூசினால்தான் பலன் தெரியும். மூன்று நாள் கணக்கை மறந்துவிடுங்கள். பருக்கள் அதிகமென்றால் குறைந்த அளவில் டாக்சிசைக்ளின் மாத்திரை தருவார்கள். கர்ப்பிணிகள் அதைச் சாப்பிடக் கூடாது. நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது. வெயில் பட்டால் தோல் எளிதில் கன்றிப்போகவும் செய்யும் என்பதால் உங்கள் வேலை என்னவென்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிரந்தரமாக விரிந்த குழாய்களுக்கு லேசர் உண்டு. அது கடைசியில் யோசிக்க வேண்டியது. கறுத்த தோலில் கை பழகியவரே செய்ய வேண்டும்.

காற்றுக்கு வருவோம். வாடையோ கச்சானோ, பலத்த காற்று தோலை உலர்த்தி எரிச்சலைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் வெயிலும் வெக்கையும்தான் முதல் எதிரிகள். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். குடை வெயிலை மறைக்கும். மணலிலிருந்து எழும் வெக்கையை மறைக்காது. உலர்ந்த கடற்கரை மணல் புறஊதாக் கதிரில் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. குனிந்து மீனைப் பரப்பும்போதும் புரட்டும்போதும் முகம் நேரே அந்த மணலைப் பார்த்துத்தான் இருக்கிறது. இடுப்பு உயரத்தில் வலை கட்டிக் காயப்போட முடிந்தால் முகத்துக்கும் நல்லது, கருவாட்டிலும் மண் ஒட்டாது. பரப்புவதைக் காலை ஒன்பதுக்குள் முடியுங்கள். அகலமான ஓலைத்தொப்பி போதும். முகத்தை இறுக்கிச் சுற்றும் பாலியஸ்டர் துணி சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும், மெல்லிய பருத்தித் துணி தேவலை. சன்ஸ்கிரீன் வாங்கினால் ஜிங்க் ஆக்சைடு உள்ளது, எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30-க்குக் குறையாதது. சாம்பல் பூசினாற்போல் தெரிகிறதென்றால் தோல் நிறம் கலந்த வகை கேளுங்கள். விறகடுப்புப் பக்கம் குனிந்து ஊதுவதும் வெக்கைதான்.

முகம் கழுவ, கிணற்றின் உப்புத் தண்ணீரை விட்டு ஒரு சொம்பு குடிதண்ணீர் ஒதுக்கிக்கொள்ளுங்கள். காரமான சோப்பு, எலுமிச்சை, மஞ்சள், கடலை மாவு எதுவும் இப்போதைக்கு வேண்டாம். கழுவியதும் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் போடுங்கள். எல்லாரும் நல்லதென்று சொல்லும் கற்றாழையும் சிலருக்கு எரியும்.

டீயில் குற்றம் இலையில் இல்லை, சூட்டில். ஆற்றிக் குடியுங்கள். காரம் சிலருக்கு ஏற்றும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. என்ன சாப்பிட்டீர்கள், எங்கே நின்றீர்கள், எப்போது ஏறியது என்று ஒரு மாதம் காலண்டர் தாளில் குறித்துவைத்தால் உங்கள் முகமே சொல்லிவிடும். மற்றவருக்கு ஆகாததையெல்லாம் நீங்கள் விட வேண்டியதில்லை. மீன் விஷயத்தில் ஒன்று மட்டும்: சூரை, கானாங்கெளுத்தி போன்றவை ஐஸ் இல்லாமல் வெக்கையில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துவிடும், சமைத்தாலும் போகாது. அதைச் சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து தலைவலி, படபடப்பு வந்தால் அது வேறு கணக்கு; ரோசேசியா அல்ல.

கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தல், அடிக்கடி கண்கட்டி, இமையோரச் சிவப்பு இருந்தால் கடற்கரை மணல் என்று விட்டுவிடாதீர்கள். இந்த நோய் கண்ணையும் பிடிக்கும். பார்வை மங்கினாலோ வெளிச்சம் கூசினாலோ அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். மூட்டுவலி, வாய்ப்புண், காய்ச்சல், முடி கொட்டுதல் கூடவே இருந்தால் லூபஸ் என்ற நோயா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். போகும்போது இதுவரை பூசிய ட்யூப்கள் அத்தனையையும், காலியானதைக்கூட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்.