பாரம் ஏற்றினால் பின் சக்கரக் கம்பி உடைகிறது: புது சைக்கிள் வாங்க வேண்டுமா?

கேள்வி: அடுத்த மாதம் 12 நாள் சைக்கிள் பயணம் போகிறேன், இரவில் கூடாரம் போட்டுத் தங்குவதாகத் திட்டம். ஒத்திகைக்காக இரண்டு முறை முழுப் பாரத்தோடு ஓட்டிப் பார்த்தேன். பின் சக்கரத்தில் மூன்று ஸ்போக்ஸ் கம்பிகள் போய்விட்டன. என் எடை 82 கிலோ, சாமான் 24 கிலோ. உடைந்தபோதெல்லாம் ஒரு கம்பி மாற்றித் தந்த கடைக்காரர் இப்போது, "இந்த சைக்கிள் டூருக்கு ஆகாது, டூரிங் சைக்கிளும் கேம்பிங் செட்டும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். உங்கள் சைக்கிளில் கெட்டுப்போனது பின் சக்கரத்தின் கட்டு மட்டும்தான். அதைச் சரி செய்தால் அடுத்த மாதம் தாராளமாகக் கிளம்பலாம்.

பாரம் தாங்காமல் கம்பி அறுந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலும் கம்பி உடைவது தளர்ச்சியால்தான். சக்கரம் உருளும்போது ஒவ்வொரு கம்பியும் அடிப்பக்கம் வரும் நொடியில் கொஞ்சம் தளர்கிறது, மேலே போனதும் மறுபடி இறுகுகிறது. நன்றாக இழுத்துக் கட்டிய கம்பிக்கு இது பொருட்டே இல்லை. தொளதொளவென்று இருக்கும் கம்பியோ ஒவ்வொரு சுற்றிலும் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடத்தின்) துளைக்குள் அசைந்து, வளைந்த முனையில் மடங்கி நிமிர்கிறது. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்போமே, அதே வேலை. பெரிய சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். நாளுக்கு 80 கி.மீ. என்றால் 38,000 சுற்று, 12 நாளில் நான்கரை லட்சம். அதனால்தான் உடைவது பெரும்பாலும் அந்த வளைந்த கழுத்தில்.

தொழிற்சாலையில் எந்திரம் கட்டும் சக்கரங்கள் பல, இறுக்கம் போதாமலே கடைக்கு வருகின்றன. விற்பதற்கு முன்னால் கடைக்காரர் இழுத்துக் கட்ட வேண்டும், யாரும் கட்டுவதில்லை. சைக்கிள் மொத்தம் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக்கூட பல நிறுவனங்கள் கையேட்டின் ஏதோ ஒரு பக்கத்தில் புதைத்து வைக்கின்றன. ஃபிரேமில் நான்கு எழுத்தில் பொறிக்க என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இனி கடைக்காரரிடம் "கோட்டம் எடுத்துத் தாருங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கோட்டம் எடுப்பது வேறு, இறுக்கம் ஏற்றுவது வேறு. தளர்ந்த கம்பிகளை வைத்துக்கொண்டே சக்கரத்தை ஆடாமல் ஓட வைத்துவிடலாம். ஸ்டாண்டில் பார்க்க அழகாகச் சுழலும், 200 கி.மீ. தாண்டினால் டக் என்று அடுத்தது போகும். ஒன்று உடைந்தால் ஒன்று மாற்றுவது என்பது உங்களைத் திரும்பத் திரும்ப வரவழைக்கும் வழி, கடைசியில் "சைக்கிளே சரியில்லை" என்று முடிப்பதற்கும் அது வசதி. மூன்று கம்பி உடைந்துவிட்டது என்றால் மிச்சமுள்ளவையும் அதே அளவு மடங்கிக் களைத்தவைதான். ரிம்மையும் ஹப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு, கம்பிகளையும் அவற்றை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள்களையும் முழுக்கப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இறுக்கத்தை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். செயின் பக்கத்தில் பல ரிம்களுக்கு 100 முதல் 120 கிலோ விசை வரை வரலாம். மறுபக்கம் அதில் பாதிக்குச் சற்று மேலேதான் இருக்கும், அது குறையல்ல. பல்சக்கரங்கள் இடம் பிடிப்பதால் இரு பக்கக் கம்பிகளும் ஒரே சாய்வில் நிற்பதில்லை. மீட்டர் இல்லாத கடை என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

வேலை முடிந்ததா என்று நீங்களே பார்க்கலாம். ஒரே பக்கத்துக் கம்பிகளை விரல் நகத்தால் வரிசையாகச் சுண்டுங்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் 'தொப்' என்றால் வண்டியை எடுக்காதீர்கள்.

கம்பிகளை எண்ணியும் பாருங்கள். 32 அல்லது 36 இருந்தால் உங்கள் எடைக்குப் போதும். 28-ம் அதற்குக் கீழும் என்றால் 36 கம்பிப் பின் சக்கரம் ஒன்று மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உடைந்த கம்பிகள் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எப்போதாவது செயின் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி, சக்கரத்துக்கும் அதற்கும் இடையில் விழுந்து சிக்கிக்கொண்டதா? அப்படி விழும்போது செயின் பக்கத்தில் வெளிவரிசையில் நிற்கும் கம்பிகளைச் செயின் கடித்துவிடும். 32 கம்பிச் சக்கரத்தில் அவை எட்டு. கடிபட்ட கம்பி அன்றைக்கே உடையாது. சில நூறு கிலோமீட்டர் போன பிறகு ஒவ்வொன்றாகப் போகும், நமக்கோ செயின் விழுந்த கதையே மறந்திருக்கும். கேசட்டை (பின் பல்சக்கரக் கொத்தை) கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து அந்த எட்டின் கழுத்தையும் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்கு வெட்டுக்குறி தெரிந்தால் காரணம் அதுதான், இறுக்கத்தின் மேல் பழி போட வேண்டாம். மற்றவை இறுக்கமாக இருந்தால் அந்த எட்டை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் பின் டீரெய்லரில் (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் கருவியில்) செயின் எதுவரை போகலாம் என்று தடுக்கும் எல்லைத் திருகைச் சரி செய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். திருகை விட்டுவிட்டுக் கம்பியை மட்டும் மாற்றினால் செயின் மறுபடி விழும், புதிய எட்டும் போகும். டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்திருந்தால் திருகைத் திருப்பியும் பலனில்லை, முதலில் அதை நிமிர்த்த வேண்டும். சைக்கிளை வலப்பக்கமாகக் கீழே போட்டிருந்தால் இந்தச் சந்தேகம் கட்டாயம் வர வேண்டும்.

அடுத்து பாரம். 24 கிலோவையும் பின்னால் ஏற்றினீர்கள் என்று ஊகிக்கிறேன். உங்கள் உடல் எடையின் பெரும்பங்கு ஏற்கெனவே அந்தச் சக்கரத்தின் மேல்தான். முன் ஃபோர்க்கில் தாழ்வான கேரியர் போட்டு, கனமான பொருள்களில் ஒன்பது பத்து கிலோவை அங்கே மாற்றுங்கள். பின்பக்கம் கனமானதைப் பையின் அடியில், சக்கர அச்சுக்குப் பக்கமாக வையுங்கள். கேரியரில் பொறித்திருக்கும் எடை வரம்பைப் படியுங்கள், பலவற்றில் 25 கிலோ. கேரியர் திருகுகளைத் தினமும் காலையில் அலன் சாவியால் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வில் கழன்று விழுகிற முதல் சாமான் அவைதான்.

கேம்பிங் செட் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்பவர்களிடம் வாங்காதீர்கள். அந்தக் கட்டில் ஒன்று நன்றாக இருக்கும், அதைக் காட்டி மற்ற நான்கையும் தள்ளிவிடுவார்கள். எனக்கு ஆத்திரம் வருவது ஸ்லீப்பிங் பேக் மேல் அச்சடிக்கும் எண்ணைப் பார்க்கும்போது. ஐஎஸ்ஓ 23537 தரநிலைப்படி அளந்த பையில் குளிருக்கான மூன்று வெப்பநிலைகள் இருக்கும்: வசதியாகத் தூங்கும் அளவு, சுருண்டு படுத்துத் தாக்குப்பிடிக்கும் அளவு, உயிரோடு இருக்கலாம் என்கிற அளவு. உறையில் பெரிதாகப் போடுவது பல சமயம் இரண்டாவது, சிலர் கூசாமல் மூன்றாவதையே போடுகிறார்கள். தரநிலை இருக்கிறது, எந்த எண்ணைப் பெரிதாக அச்சடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த ஆளில்லை. நீங்கள் முதல் எண்ணை மட்டும் பாருங்கள். பையை விட முக்கியம் அடியில் விரிக்கும் பாய். உடலின் கனத்தில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால் தரையின் குளிரைத் தடுப்பது பாய்தான்.

கூடாரத்தில் "இரண்டு பேர்" என்று போட்டிருந்தால் ஒருவரும் அவருடைய பைகளும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வறண்ட ஆற்றுப்படுகையில் கூடாரம் போடாதீர்கள். வானம் தெளிவாக இருந்தாலும் மேலே எங்கோ பெய்த மழை இரவில் வந்து சேரும். கூடாரத்துக்குள் அடுப்பு பற்ற வைக்கவே கூடாது, அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணம் கிடையாது.

புதிதாகக் கட்டிய சக்கரத்தை முழுப் பாரத்தோடு 100 கி.மீ. ஓட்டி, கட்டியவரிடமே திரும்பக் கொண்டுபோய் இறுக்கம் பார்க்கச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும்.

வழியில் கம்பி உடைந்தால் பதற வேண்டாம். உடைந்ததைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, அதற்கு இருபுறமும் அடுத்திருக்கும் இரண்டு கம்பிகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். ரிம் பிரேக்கில் உரசாத அளவுக்கு வரும். மெதுவாக அடுத்த ஊர் போய்ச் சேரலாம். என் முதல் நீண்ட பயணத்தில் செயின் பக்கக் கம்பி உடைந்தது. பையில் உபரிக் கம்பி இருந்தது, கேசட்டைக் கழற்றும் கருவி இல்லை. கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தேன். கேசட் லாக்ரிங்கைக் கழற்ற உள்ளங்கை அளவில் சின்னக் கருவி கிடைக்கிறது, அதையும் ஒரு நிப்பிள் சாவியையும் வாங்கிவிடுங்கள். கம்பிகளின் நீளம் பக்கத்துக்குப் பக்கம் மாறும். சக்கரம் கட்டுபவரிடம் கேட்டு, பக்கத்துக்கு இரண்டாக நான்கு கம்பிகள் வாங்கி, ஃபிரேமின் பின்பக்கக் குழாயில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.