மீன் குஞ்சுகளைத் தின்பது வண்டா, புழுவா?

கேள்வி: அல்லி வளர்க்கும் தொட்டியில் விட்ட மீன் குஞ்சுகள் தினமும் குறைகின்றன. ஓரத்தில் மஞ்சள் கோடு போட்ட இரண்டு கரிய வண்டுகளும், வளைந்த தாடையுள்ள நீளமான புழு ஒன்றும் தண்ணீரில் இருக்கின்றன. மருந்து அடிக்கலாமா?

பதில்: மருந்து வேண்டவே வேண்டாம், பூச்சிமருந்து மீன்களையும் சேர்த்தே கொன்றுவிடும்.

முதலில் அந்த வண்டு மூச்செடுக்க மேலே வருவதைக் கவனியுங்கள். வால்பக்கத்தை நீர்மட்டத்தில் நீட்டி, காற்றை இறக்கைக்கு அடியில் நிரப்பிக்கொண்டு, பின்னங்கால் இரண்டையும் துடுப்பு போல ஒரே நேரத்தில் தள்ளி உள்ளே போனால் அது வேட்டையாடும் நீர்வண்டுதான். தலையை முதலில் நீட்டி, கால்களை மாற்றி மாற்றி உதைத்தால் அது வேறு இனம், வளர்ந்த பிறகு பெரும்பாலும் அழுகிய இலைதழைதான் அதற்குச் சாப்பாடு.

புழு பெரும்பாலும் இதே வண்டின் பிள்ளைதான். உங்கள் குஞ்சுகளுக்கு வண்டைவிட இதுதான் பெரிய ஆபத்து. தலைகீழாகத் தொங்கி வால்நுனியால் மூச்சுவிட்டபடி அசையாமல் காத்திருக்கும், ஏதாவது பக்கத்தில் வந்தால் கவ்விக்கொண்டு, உள்ளே குழாயாக இருக்கும் தாடை வழியே செரிமான நீரை ஏற்றி, சதை கரைந்ததும் உறிஞ்சிவிடும். மிஞ்சுவது வெறும் தோல். கொசுப்புழு, தலைப்பிரட்டை, ஏன், கூடப் பிறந்ததையே கூடத் தின்னும்!

அதனால் புழுவை வலையால் அள்ளி, மீன் வளர்க்காத வேறு குட்டையில் விடுங்கள். கையால் பிடிக்காதீர்கள், கடித்தால் நன்றாகவே வலிக்கும். குஞ்சுகளை வளரும்வரை தனித் தொட்டியில் வையுங்கள். நல்ல உடம்போடு இருக்கும் பெரிய மீனை வண்டு பெரிதாக ஒன்றும் செய்யாது, அடிபட்டதும் நோயில் சோர்ந்ததும்தான் மாட்டும்.

வண்டை எடுத்துப் போட்டாலும் இன்னொன்று வரும். இவை இரவில் பறக்கும், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துத்தான் குளத்தைக் கண்டுபிடிக்கும் (கார் கூரையைத் தண்ணீர் என்று நினைத்து இறங்குவதும் இதனால்தான்). தொட்டிக்கு மேல் வலை கட்டுங்கள், பக்கத்தில் விளக்கு எரிந்தால் அணைத்துவிடுங்கள். அப்புறம், பல இனங்கள் நீர்ச்செடித் தண்டைக் கீறி முட்டை வைக்கும் என்பதால் புதுச் செடியை அலசிப் பார்த்தே போடுங்கள்.

குஞ்சுகள் இல்லாத தொட்டி என்றால் நான் எதையும் எடுக்க மாட்டேன், கொசுப்புழுவாவது குறையட்டும். வண்டைக் கையில் எடுத்தால் பால் போன்ற திரவத்தைக் கசியவிடும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.