பல்கலைக்கழகத்தின் பொதுக் கொள்கைப் பள்ளியில் நடக்கும் சொற்பொழிவு, கருத்தரங்குகளுக்கு வெளியாட்கள் போகலாமா? போனால் நமக்குப் புரியுமா?

தாராளமாகப் போகலாம். நான் சிங்கப்பூரில் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் டிப்ளமோ முடித்துவிட்டு 2012இல் இங்கே வந்தேன். 2018இலிருந்து லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியும், அதன் கீழ் இயங்கும் கொள்கை ஆய்வுக் கழகமும் நடத்தும் கூட்டங்களுக்கு முடிந்தபோதெல்லாம் போய் வருகிறேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பள்ளி அது. நீ எந்தத் துறை, என்ன படித்தாய் என்று வாசலில் ஒருவரும் என்னை நிறுத்தியதில்லை. இணையத்தில் பெயரைப் பதிந்துகொண்டு போவேன், அவ்வளவுதான். பொதுமக்களுக்கான கூட்டம்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் நடப்பவையும் உண்டு.

என்னை முதன்முதலில் கூட்டிப் போனவர் தோ பாயோ வட்டாரத்தில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் பராமரிப்பு எங்கள் பொறுப்பு. மாதாமாதம் பார்த்துப் பேசிப் பழக்கமாகிவிட்டது. ஒருநாள், "தம்பி, வீவக தலைமை நிர்வாகி பேசுறாங்க. நீ ஏறி இறங்குற கட்டடத்தைப் பத்தித்தான் பேச்சு. என்கூட வா" என்றார். சியோங் கூன் ஹியன் என்ற அம்மையார் வழங்கிய தொடர் சொற்பொழிவு அது. வீவக என்று சொல்லும் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு அப்போது அவர்தான் தலைமை நிர்வாகி. சிங்கப்பூர்வாசிகளில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் அந்தக் கழகம் கட்டிய வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

பையில் ஒரு நல்ல சட்டையை வைத்துக்கொண்டு போய், வேலை முடிந்ததும் மாற்றிக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் பாதிதான் பிடிபட்டது. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. பழைய புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. சில மாடிகளில் மட்டும் நிற்கும், மற்றவர்கள் அங்கிருந்து படியேறியோ இறங்கியோ வீட்டுக்குப் போகவேண்டும். 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகுதான் இது மாறத் தொடங்கியது. கூடுதல் லிஃப்டுகளுக்காகக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் ஒட்டினாற்போல எழுப்பிய கூண்டுகளில் நான் ஆறு வருடமாக வேலை செய்திருந்தேன். எவ்வளவு செலவு, யார் எவ்வளவு தருவது, எந்த புளோக்குக்கு முதலில் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார்களே என்று அந்த ராத்திரி வரை எனக்குத் தோன்றியதே இல்லை. 'கொள்கை' என்ற சொல்லை அதுவரை நான் அரசியல் மேடையில்தான் கேட்டிருந்தேன்.

அந்தத் தொடர் சொற்பொழிவுக்கு முன்னாள் அதிபர் எஸ் ஆர் நாதனின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அனுபவமுள்ள ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் தொடராகச் சில சொற்பொழிவுகள் ஆற்றுவார், பிறகு அவை புத்தகமாக வரும். 2014இல் தொழிலதிபர் ஹோ குவோன் பிங் தொடங்கி வைத்தார். அப்புறம் தூதராக இருந்த பிலாஹரி கௌசிகன், அரசாங்கச் சேவையின் தலைவராக இருந்த பீட்டர் ஹோ என்று தொடர்ந்தது. 2021இல், மத்திய வங்கியான நாணய ஆணையத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த ரவி மேனன் பேசினார். அவருடைய நான்கு பேச்சுகளையும் காணொளியில், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தேன். நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம் என்பதால் அவைதான் எனக்கு நன்றாகப் புரிந்தவை.

நாதனைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. 12 ஆண்டுகள் சிங்கப்பூரின் அதிபராக இருந்த தமிழர் என்று நமக்குத் தெரியும். அவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, 16 வயதில் வீட்டை விட்டு ஓடியவர். வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படித்துத் தேறி, அன்றைக்குச் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1954இல் சமூகப் பணிக்கான பட்டயம் பெற்றார். ஆரம்பத்தில் பார்த்த வேலைகளில் ஒன்று கடலோடிகளின் நல அதிகாரி வேலை. அந்தப் பல்கலைக்கழகம் இருந்த புக்கிட் தீமா வளாகத்தில்தான் இன்று இந்தக் கொள்கைப் பள்ளி இருக்கிறது. பொட்டானிக் கார்டன்ஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். புல்வெளி முற்றமும் நீளத் தாழ்வாரங்களுமாக இருக்கும் பழைய கட்டடங்கள் அவை. அங்கே நுழையும்போது 'இது நமக்கான இடம் இல்லை' என்று கால் பின்வாங்கினால், நாதனை நினைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

சரி, புரியுமா என்று கேட்டிருந்தீர்கள். பேச்சு எனக்கு இன்னமும் முழுதாகப் புரிவதில்லை. வரைபடம் ஓடும், புள்ளிவிவரம் ஓடும், எனக்குத் தெரியாத சுருக்கப் பெயர்கள் வரும். ஆனால் பேச்சு முடிந்து கேள்வி நேரம் தொடங்கியதும் எல்லாம் தரைக்கு இறங்கிவிடும். ஒரு தாதி கேட்பார், ஒரு டாக்சி ஓட்டுநர் கேட்பார், மாணவர் ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்பார். பேச்சாளர் எழுதி வைத்த தாளை ஓரம் தள்ளிவிட்டுப் பதில் சொல்லும் அந்த அரை மணிக்காகவே போகலாம். அதனால் பேச்சு முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

நான் முதன்முதலில் கேள்வி கேட்டது ஒரு சிறிய கருத்தரங்கில். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் ஒருவர் பேசினார். முதியவர்கள் கடைசி வரை தங்கள் சொந்த வீட்டிலேயே வாழ்வது எப்படி என்பது பொருள். முப்பது பேர் இருந்திருப்போம். வீட்டுக்குள் கைப்பிடி, வழுக்காத தரை, அக்கம்பக்கத்து உதவி என்று பேசிக்கொண்டே போனார். லிஃப்ட் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. நோட்டில் பத்து வரி எழுதி, அடித்து அடித்து மூன்று வரியாக்கி, கையைத் தூக்கினேன்.

"நான் லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்கு, பெரிய பழுதால் லிஃப்ட் நிற்கும் நாட்களில் வீடே சிறைதான். அந்த நாட்கள் உங்கள் கணக்கில் இருக்கிறதா?"

குரல் நடுங்கியது, இலக்கணமும் எங்கேயோ இடறியது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இல்லை, அதை நாங்கள் எண்ணவில்லை என்று நேராகவே சொன்னார். கூட்டம் முடிந்து, வெளியே கறிபஃப்பும் தேநீரும் வைத்திருந்த மேசைப் பக்கம் அவரே தேடிக்கொண்டு வந்தார். எந்தப் பழுது ஒரு மணியில் தீரும், எதற்கு உதிரிபாகம் வர நாள் பிடிக்கும், யார் எங்களைக் கூப்பிடுவார்கள், யார் கூச்சப்பட்டுக் கூப்பிடாமலே இருந்துவிடுவார்கள் என்று இருபது நிமிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். படித்தவர் ஒருவர் என் வேலையைப் பற்றி அவ்வளவு அக்கறையாக என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆகவே நீங்கள் போவதானால், உங்கள் பிழைப்பைத் தொடும் தலைப்பாகப் பார்த்துப் போங்கள். முதல்நாளே பேச்சாளரின் ஒரு கட்டுரையையோ காணொளியையோ பார்த்துவிட்டால் பாதி ஆங்கிலம் பழகிவிடும். கேள்வியை எழுதி வைத்துச் சுருக்கமாகக் கேளுங்கள். நீட்டினால் நெறியாளர் நிறுத்திவிடுவார்.

தோ பாயோ ஐயாவுக்கு இப்போது முட்டி சரியில்லை, கூட்டங்களுக்கு வருவதில்லை. நான் குறிப்பெடுத்து வந்து, மாதச் சோதனைக்குப் போகும்போது அவர் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டு வருகிறேன். போன மாதம் அவர் ஒரு கேள்வியைத் தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். அடுத்த கூட்டத்துக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன்.