பேட்டரியை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

கேள்வி: படகின் முன்பக்கம் 12 வோல்ட், 55 பவுண்டு உந்துவிசை உள்ள ட்ரோலிங் மோட்டார் (படகை மெதுவாகச் செலுத்தும் மின்மோட்டார்) வைத்திருக்கிறேன். பேட்டரி பின்பக்கம், நடுவில் 5 மீட்டர் தூரம். 4 ஸ்கொயர் எம்எம் ஒயர் போட்டிருக்கிறது. முழு வேகத்தில் மோட்டார் திணறுகிறது, ஒயர் சுடுகிறது. பொருத்தியவர் பெரிய பேட்டரி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஒயர் சுடுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதுதான் காரணம். இந்த மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். மின்சாரம் போக 5 மீட்டர், திரும்பி வர 5 மீட்டர், ஆகமொத்தம் 10 மீட்டர் ஒயரைக் கணக்கில் எடுக்கவேண்டும். அந்த 10 மீட்டரில் 4 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பி ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தின்றுவிடும். அது சும்மா மறைந்துபோவதில்லை, 100 வாட் சூடாக உங்கள் ஒயரிலேயே இறங்குகிறது. புது பேட்டரி போட்டாலும் இதேதான் நடக்கும்.

நம்பிக்கை வரவில்லையா, ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது பேட்டரி முனையில் ஒரு தடவை, மோட்டார் பிளக்கில் ஒரு தடவை வோல்ட் பாருங்கள். தண்ணீருக்குள் ஓடும்போது பார்க்கவேண்டும், கரையில் சுற்றவிட்டுப் பார்த்தால் சுமையே இருக்காது, எல்லாம் நன்றாக இருப்பதுபோல் காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு ஒயரிலோ இணைப்பிலோதான்.

சரி, எந்த ஒயர்? உங்கள் தூரத்துக்கு 25 ஸ்கொயர் எம்எம் போடுங்கள், வோல்ட் இழப்பு மூன்று சதவீதத்துக்குள் அடங்கிவிடும். இடமில்லை என்றால் 16, அதற்குக் கீழே வேண்டாம். கடையில் கேஜ் கணக்கில் சொன்னால் எண் குறையக் குறைய ஒயர் தடிமன் என்பதை மறக்காதீர்கள், 4 கேஜ் என்பது 21 ஸ்கொயர் எம்எம், 8 கேஜ் என்பது 8 சொச்சம். இரண்டு கணக்கையும் ஒரே அலமாரியில் கலந்து வைத்து வாங்குபவரைக் குழப்பும் இந்த வழக்கத்தை எத்தனை வருடமாகத்தான் பொறுத்துக்கொள்வது! போதாததற்கு உறையில் ‘60 ஆம்பியர் தாங்கும்’ என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள், எத்தனை மீட்டருக்கு என்பது மட்டும் இருக்காது. தாங்கும் என்றால் உருகாது என்று அர்த்தம், வோல்ட் குறையாது என்று அர்த்தமில்லை.

அதைவிடப் பெரிய மோசடி செம்பு பூசிய அலுமினியம். கார் ஆம்ப்ளிஃபயருக்கு என்று விற்கும் தடித்த, பளபளப்பான ஒயர்களில் இது நிறைய. முழுச் செம்பின் கடத்தும் திறனில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது, ஈரம் பட்டால் இணைப்பில் அரித்து வெள்ளைத் தூளாகும். இடைத்தரகர் இதைத்தான் ‘படகு ஒயர்’ என்று நீட்டுவார். ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள்: வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, நமக்கு வேண்டியது அதுதான்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லவேண்டும், ஏனென்றால் சின்னப் படகு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வீணாகச் செலவழிப்பார்கள். கயாக், காற்றடைத்த படகு மாதிரி பேட்டரி மோட்டாருக்குப் பக்கத்திலேயே இருந்தால், மோட்டாரோடு வரும் ஒயர் நேராக பேட்டரி முனையை எட்டினால், அதுவே போதும். நடுவில் நீட்டிப்பு ஒயர் எதுவும் இல்லாதவரைதான். அரை மீட்டர் சேர்த்தால் 10 ஸ்கொயர் எம்எம் தாராளம். பேட்டரியை ஒரு நாள் பின்னால் நகர்த்தினீர்களோ, அன்றைக்கே இந்தச் சலுகை முடிந்தது, மேலே சொன்ன கணக்குக்கு வந்துவிடவேண்டும்.

அப்புறம் பிரேக்கர், அதாவது மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். 60 ஆம்பியர் பிரேக்கரை பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பாசிட்டிவ் ஒயரில் வையுங்கள், மோட்டார் பக்கம் வைத்துப் பயனில்லை. பிரேக்கர் காப்பது ஒயரை. உங்கள் 4 ஸ்கொயர் எம்எம் ஒயரோடு 60 ஆம்பியர் பிரேக்கர் இருந்தால் அது விழுவதற்கு முன் ஒயர் உறை உருகும், பாசி சுற்றி இறக்கை இறுகினால் போதும். ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனையான லக்கை சரியான கருவியால் அழுத்தி, சூடாக்கினால் சுருங்கும், உள்ளே பசை உள்ள குழாய் போட்டு மூடுங்கள். ஈயப்பற்று மட்டும் வைத்து விட்டால் படகின் அதிர்வில் அந்த இடத்தில் ஒயர் ஒடியும்.

ஒயரை மாற்றும் வரை பாதி வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.