கிராப் நீர்மூழ்கி – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரஷ்யாவின் ‘கிராப்’ குறித்த உங்கள் கட்டுரையை வாசித்தேன். அதை உலகின் முதல் கண்ணிவெடி இடும் நீர்மூழ்கி என்கிறீர்கள். ஆனால் ஜெர்மனியின் யுசி வகை நீர்மூழ்கி 1915 மே இறுதியிலேயே இங்கிலாந்தின் டோவர் பகுதியில் கண்ணிகளை இட்டுவிட்டது. கிராப் ஜூலையில்தான் புறப்பட்டது. ஆறு ஆண்டுகள் இழுத்துக் கட்டப்பட்டு, சில பயணங்களோடு முடிந்துபோன கப்பலைத் தோல்வி என்று சொல்வதுதானே நேர்மை? 1904இல் ரஷ்யாவின் ‘டெல்ஃபின்’ நீர்மூழ்கி விபத்தில் மூழ்கியபோதே ரஷ்ய வடிவமைப்பின் தரம் தெரிந்துவிட்டதே?

நான் இயந்திரவியல் இறுதியாண்டு மாணவன். என் செயல்திட்டத்தில் பிறர் செய்யாதது எதுவும் இல்லை என்று வழிகாட்டி ஒதுக்கிவிட்டார். அதனால்தான் யார் முதல் என்ற கேள்வி என்னை உறுத்துகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தேதிக் கணக்கு சரிதான். வடிவமைப்பில் ரஷ்யர்கள் முந்தினார்கள், களத்தில் ஜெர்மானியர் முந்தினார்கள். டெல்ஃபினை இதற்குள் இழுக்காதீர்கள். மேல்மூடி திறந்திருக்கும்போதே, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிக்கொண்டு மூழ்கிய பயிற்சி விபத்து அது. கிராப்பைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

என்னை வருத்தியது வேறு. இயந்திரவியல் படிக்கும் ஒருவர் இந்தக் கப்பலைப் பற்றி இவ்வளவு எழுதியும், எடையைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. ஆண்டுகளை எண்ணுவதற்குப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை.

யோசித்துப் பாருங்கள். நீருக்கடியில் செல்லும் கப்பல் தன் எடையும் தான் விலக்கும் நீரின் எடையும் சமமாக இருப்பதால்தான் மேலெழாமலும் அமிழாமலும் நிற்கிறது. கிராப்பில் 60 கண்ணிகள் இருக்கின்றன. கனமான ஒரு கண்ணி பின்புறம் வழியாக வெளியேறினால், அந்தக் கணமே வால் பகுதி இலகுவாகி மேலெழும். பத்துக் கண்ணிகள் போய்விட்டால், எதிரியின் வாசலிலேயே கப்பல் தன் முதுகைக் காட்டிவிடும். அதோடு முடியவில்லை. வரிசையில் எஞ்சியிருப்பவை பின்னோக்கி நகர்த்தப்படும்போது எடையின் மையமும் நகர்கிறது, ஆக ஒவ்வொரு நிமிடமும் கப்பலின் சமநிலை குலைந்துகொண்டே இருக்கும். கிராப்பை வடிவமைத்த மிகயீல் நல்யோதவ் இந்த முடிச்சைக் கப்பலில் அவிழ்க்கவில்லை, கண்ணியில் அவிழ்த்தார். கண்ணியும் அதன் நங்கூரமும் சேர்ந்து எவ்வளவு நீரை விலக்குமோ, ஏறத்தாழ அதே எடையில் அவற்றை அமைத்தார். அவை அடுக்கப்பட்ட இரண்டு நீண்ட கூடங்களையும் கடல்நீரால் நிரப்பினார். கண்ணி வெளியேறினால் அதன் இடத்தில் அதே எடையுள்ள நீர் புகுந்துவிடும். கண்ணி நகர்ந்தாலும் நின்றாலும் கப்பலுக்கு அது வெறும் நீர்தான். இந்த ஒரு முடிவுக்குள் அந்தக் கப்பல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இதைக் கண்டடைந்தவர் கடற்படை அதிகாரி அல்லர், ரயில்பாதைப் பணியில் இருந்த ஒரு தொழில்நுட்பர். ரஷ்ய-ஜப்பானியப் போரின்போது, 1904 ஏப்ரலில், ரஷ்யர் வசமிருந்த போர்ட் ஆர்தர் துறைமுகத்துக்கு வெளியே ரஷ்யாவின் ‘பெத்ரோபாவ்லவ்ஸ்க்’ போர்க்கப்பல் ஜப்பானியக் கண்ணியில் சிக்கி, தளபதி மகாரவுடனும் ஓவியர் வெரெஷ்சாகினுடனும் மூழ்கியபோது நல்யோதவ் அந்த ஊரில்தான் இருந்தார். முற்றுகைக்குள் அகப்பட்ட நகரத்தில், சொந்தச் செலவில், கையில் கிடைத்த பொருள்களைக் கொண்டு சிறிய நீர்மூழ்கி ஒன்றைக் கட்டத் தொடங்கினார்; நகரம் வீழும் முன் அதை அழிக்க வேண்டியதாயிற்று. பிறகு அதே எண்ணத்தை நான்கு முறை மாற்றி வரைந்து, கடற்படையின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். கிராப் கருங்கடல் பகுதியின் நிக்கொலாயெவில் கட்டப்பட்டு, 1912இல் நீரில் இறங்கி, முதல் உலகப் போர் மூண்ட பிறகே பணிக்கு வந்தது. மண்ணெண்ணெய் இன்ஜின்களின் தொல்லையை நீங்கள் சொல்லாமலே விட்டது நல்லது. அக்காலத்தில் பல நாட்டுக் கப்பல்களுக்கும் இருந்த தொல்லைதான் அது.

1915 ஜூலை 10 அன்று மாலை கிராப் துருக்கியின் போஸ்பரஸ் நீரிணை வாயிலில் தன் கண்ணிகளை இட்டது. ரஷ்யாவின் புதிய போர்க்கப்பலான ‘இம்பெராத்ரீத்சா மரீயா’ கடற்படைத் தளமான செவஸ்தோபோலுக்கு வந்துசேரும் வரை, துருக்கிக் கொடியின்கீழ் இயங்கிய ஜெர்மானியக் கப்பல் கோபெனை நீரிணைக்குள்ளேயே தடுத்துவைப்பது நோக்கம். ஜூலை 18இல் கோபெனின் துணைக் கப்பலான பிரெஸ்லாவ் அந்தக் கண்ணிகளில் ஒன்றில் மோதியது, பல மாதங்கள் போர்க்களத்திலிருந்து விலகியது. எந்த மாலைக்காக வடிவமைக்கப்பட்டதோ, அந்த மாலையில் கிராப் தன் வேலையைச் செய்தது. இதைத் தோல்வி என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியாது. 1919இல் அதை செவஸ்தோபோலில் மூழ்கடித்தது உள்நாட்டுப் போரின் அரசியல், கப்பலின் குறை அல்ல.

உங்கள் வழிகாட்டி சொன்னது உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்று புரிகிறது, தம்பி. ஆனால் அந்த வலியைக் கொண்டுபோய் நல்யோதவின் கப்பலை அளக்கும் கோலாக்காதீர்கள். உங்கள் அறிக்கையை எனக்கு அனுப்புங்கள். முன்னுரையும் ‘இத்துறையில் இதுவரை’ என்ற பகுதியும் வேண்டாம். எந்த இடத்தில் கணக்கு இடித்தது, அதை எப்படித் தீர்த்தீர்கள் என்று எழுதியிருக்கும் பக்கங்கள் போதும். அவற்றை வரி விடாமல் வாசிக்கிறேன்.